தனி ஜிபிஎஸ் கருவியா, கையில் இருக்கும் போனா? நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

தொலைதூரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. புது வேலையில் வாரா வாரம் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாத ஊர்கள், பாதி ஓட்டம் இரவில். வழியில் மலையும் காடும் வரும், அங்கே போன் சிக்னல் வரும் போகும். இதுவரை போனில் மேப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். வண்டி பழையது. ஸ்டீரியோவில் திரை கிடையாது, அதனால் போன் மேப்பைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு மூன்று தொந்தரவு. வெயிலில் போன் கொதித்துத் திரை மங்கிவிடுகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் புது வழி காட்டாமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில்தான் யாராவது கூப்பிடுவார்கள்.

தனி ஜிபிஎஸ் ஒன்று வாங்கிவிடலாமா? இந்தக் காலத்தில் அதை யார் வாங்குவார்கள் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். கூட வேலை செய்பவரோ, அது செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசும், போனைவிடத் துல்லியம் என்கிறார். உண்மையா?

கியர்பாக்ஸ் எழுதியது:

வாங்காதீர்கள். போன் போதும். அடுத்த கேள்வி.

ரேடியோப்பித்தன் எழுதியது:

கியர்பாக்ஸ் அண்ணாவுக்கு எப்போதும் அவசரம்தான். அந்த "நேரடியாகப் பேசும்" என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோளோடு எந்தக் கருவியும் பேசுவதில்லை. அது பேசும், நம் கருவி கேட்கும், அவ்வளவே. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சொச்சம் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. தான் யார், எங்கே இருக்கிறோம், மணி என்ன என்பதை ஒவ்வொன்றும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும், அவ்வளவு நுணுக்கமான வேலை. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் இடமும் உயரமும் தெரிந்துவிடும், கருவியின் கடிகாரமும் சரியாகிவிடும்.

இதில் தனிக் கருவிக்கு ஒரு நியாயம், போனுக்கு ஒரு நியாயம் கிடையாது. போனில் இருப்பதும் அதே வகை ரிசீவர்தான். இப்போதைய போன்கள் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. திறந்த வானத்தின் கீழ் போன் காட்டும் இடத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் வரை பிழை இருக்கும் என்பது ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்க அரசே தரும் கணக்கு. 2018-க்குப் பிறகு வந்த பல போன்கள் எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளையும் கேட்கும். உயரமான கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலால் உண்டாகும் குழப்பம் அவற்றில் குறைவு.

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2007-ல் வந்த முதல் ஐபோனில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. அடுத்த வருடம் வந்த 3ஜி மாடலில்தான் சேர்த்தார்கள். செல் டவரை மட்டும் வைத்து இடத்தைக் குத்துமதிப்பாகச் சொன்ன போன்கள் அப்போது நிறைய. அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

துல்லியத்துக்காக என்றால் தனிக் கருவி வேண்டாம். வேறு காரணம் இருந்தால் பேசலாம்.

தொலைதூரன் எழுதியது:

நன்றி ஐயா. அப்படியானால் டேட்டா இல்லாவிட்டாலும் போனுக்கு இடம் தெரியுமா? காட்டுப்பகுதியில் நீலப் புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும், சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம். இதுதான் காரணமா?

மீன்விழி எழுதியது:

அதேதான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதற்கு டேட்டா வேண்டாம். சுற்றி என்ன சாலை இருக்கிறது, எந்த வழியில் போவது, எங்கே நெரிசல் என்பதற்குத்தான் வேண்டும். சாலைகள் முன்கூட்டியே போனில் இருந்தால் உங்கள் இரண்டாவது தொந்தரவு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கூகுள் மேப்ஸில் 2015 முதல் ஆஃப்லைனிலேயே வழி காட்டும் வசதி இருக்கிறது. பலர் வரைபடத்தை இறக்கி வைத்துவிட்டு, வழியில் கைகொடுக்கவில்லை என்று திட்டுவார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: கிளம்பும் இடம், சேரும் இடம், நடுவில் வரும் பாதை எல்லாமே நீங்கள் இறக்கிய கட்டத்துக்குள் இருக்க வேண்டும். சேருமிடத்தை மட்டும் இறக்கினால் பயனில்லை. நீண்ட பயணம் என்றால் கட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படி இறக்குங்கள். இரண்டு கட்டத்துக்கு நடுவே இடைவெளி விழுந்தால் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஆஃப்லைனில் காருக்கு மட்டுமே வழி கிடைக்கும். நடைவழி, பஸ், சைக்கிள் எதுவும் வராது. நெரிசலும் தெரியாது. இறக்கிய வரைபடத்துக்குக் காலாவதியும் உண்டு, வைஃபையில் இருக்கும்போது புதுப்பித்துக்கொள்ள விடுங்கள்.

எனக்குப் பிடித்தது, பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகள்: ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட். ஒரு மாநிலத்தையோ நாட்டையோ மொத்தமாக இறக்கலாம், காலாவதி என்று தொல்லை செய்யாது. காட்டுப்பாதை, ஒற்றையடிப்பாதை, நீரூற்று எல்லாம் மற்ற வரைபடங்களைவிட அதில் நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊருக்குள் கடையின் பெயரைப் போட்டுத் தேடினால் பாதி நேரம் கிடைக்காது. அதனால் போனில் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

சரக்குவண்டி எழுதியது:

எல்லோரும் கார் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். நான் கனரக வண்டி ஓட்டுகிறவன். என் கேபினில் தனி ஜிபிஎஸ்தான், அதை எடுக்கச் சொன்னால் வண்டியை எடுக்க மாட்டேன்.

காரணம் துல்லியம் இல்லை. உங்கள் போன் மேப் என்றைக்காவது உங்கள் வண்டியின் உயரம் என்ன என்று கேட்டிருக்கிறதா? லாரிக்கென்று வரும் கருவியில் முதலில் அதைத்தான் கேட்கும். உயரம், நீளம், அகலம், எடை, என்ன சரக்கு, தீப்பிடிக்கும் பொருளா என்பது வரை கொடுத்துவிட வேண்டும். அதற்குத் தக்கபடி தாழ்ந்த பாலம், எடை தாங்காத பாலம், கனரக வண்டிக்குத் தடை உள்ள தெரு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் வழி போடும். ஜிபிஎஸ் கருவி செய்யும் கார்மின் நிறுவனத்தில் டீசல் (dēzl) என்ற வரிசை இதற்காகவே இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் ஒரு புதுப் பையன், போன் காட்டிய குறுக்கு வழியில் போய், ரயில் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். பாலத்தில் எழுதியிருந்த உயரத்தைவிட அவன் வண்டி ஒரு சாண் அதிகம். இரண்டு பக்கமும் சுவர், திருப்ப இடமில்லை. பின்னால் வரிசையாகக் கார்கள், எல்லோரும் ஹாரன். ஒவ்வொரு வண்டியாகப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, கிளீனர் கீழே இறங்கிக் கை காட்ட, அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ். அந்தத் தெருவில் போகச் சொன்ன மேப் முழுநேரமும் "யூ-டர்ன் எடுக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம்.

கியர்பாக்ஸ் எழுதியது:

அண்ணே, கேட்டவர் கார் ஓட்டுகிறார்.

சரக்குவண்டி எழுதியது:

தெரிகிறது தம்பி. நாளைக்கு மேலே கேரியரில் சைக்கிள் கட்டிக்கொண்டு போவார், பின்னால் டிரெய்லர் மாட்டுவார். அப்போது உயரம் வேண்டுமா வேண்டாமா? கேரவன் ஓட்டுகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

லாரிக்கான வழி போனிலும் கிடைக்கிறது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சைஜிக் போன்ற செயலிகளில் லாரிக்கென்று தனிப் பதிப்பு இருக்கிறது, காசு கட்ட வேண்டும். மோசமில்லை. ஆனால் பகல் முழுக்க வெயிலில் திரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும், நான் கதவைத் திறந்து இறங்கினாலும் அது இடத்தைவிட்டு நகராமல் இருக்க வேண்டும். போனைக் கையோடு எடுத்துப் போய்விடுவேனே.

நிழல்தேடி எழுதியது:

சூட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. தொலைதூரனின் முதல் பிரச்சினையே அதுதானே.

சுற்றுப்புறம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு. முன்கண்ணாடியில் ஒட்டி, நேர்வெயிலில், முழு வெளிச்சத்தில் திரையை எரியவிட்டு, கூடவே சார்ஜும் ஏற்றினால் போன் என்ன செய்யும், பாவம்? முதலில் திரையை மங்கலாக்கும். அடுத்து சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். கடைசியில் ஆற வேண்டும் என்று எழுதிக் காட்டிவிட்டு முடங்கும். வழிகாட்டிக்கொண்டிருக்கும்போது இந்த நிலை வந்தால் ஐபோன் திரையை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் வழி சொல்லும், திருப்பம் வரும்போது மட்டும் திரை எரியும். இது கோளாறு இல்லை. பேட்டரியைக் காப்பாற்ற அப்படி வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஏசி வென்டில் மாட்டும் ஹோல்டருக்கு மாறுங்கள். குளிர்காற்று போனின் முதுகில் படும். பல பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். தடித்த உறையைக் கழற்றுங்கள். வயர்லெஸ் சார்ஜர் வேண்டவே வேண்டாம், அதன் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகத்தான் வெளியேறுகிறது. கேபிளே நல்லது. இரவில் கறுப்புத் திரைக்கு மாற்றுங்கள், கண்ணுக்கும் இதம்.

தனிக் கருவி இதில் போனைவிடத் தெம்பானது. கார் டாஷ்போர்டில் இருப்பதற்கென்றே செய்தது, உள்ளே வேறு எந்த வேலையும் ஓடாது. ஆனால் அதிலும் லித்தியம் பேட்டரிதான் இருக்கிறது. பூட்டிய காரில் நாள் முழுக்க வெயிலில் விட்டால் அதுவும் உப்பும். நிறுத்தும்போது கழற்றி டாஷ்போர்டு பெட்டிக்குள் போடுங்கள். திருட்டுக்கும் அதுதான் பாதுகாப்பு.

சாலையோரம் எழுதியது:

தனிக் கருவி வாங்க நினைப்பவர்கள் ஒரு விஷயம் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னிடம் ஒன்று இருந்தது. நிறுவனம் எது என்பது வேண்டாம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் வாழ்நாள் முழுதும் இலவச வரைபடம் என்று போட்டிருந்தது. சில வருடம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒருநாள், இந்த மாடலுக்கு இனி புது வரைபடம் கிடையாது என்று மின்னஞ்சல். கேட்டால், வாழ்நாள் என்பது கருவியின் பயன்பாட்டுக் காலமாம், அது முடிந்துவிட்டது என்பதை அவர்கள் முடிவு செய்வார்களாம். கருவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது! உள்ளே இருந்த நினைவகத்தில் புது வரைபடம் கொள்ளவில்லை, அதுதான் உண்மையான காரணம். ஏற்கெனவே ஒவ்வொரு முறையும் பக்கத்து நாட்டு வரைபடத்தை அழித்து இடம் பண்ணிக்கொண்டிருந்தேன். கணினியில் மாட்டி, மென்பொருளைத் திறந்து, பாதி ராத்திரி வரை கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புது மாடல்களில் வைஃபை இருக்கிறது, சரி.

இன்னொன்று, பழைய கருவியை யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்பவர்களுக்கு. ஜிபிஎஸ் சிக்னலில் வாரத்தின் எண் 1023 வரைதான் போகும், அப்புறம் திரும்பவும் பூஜ்யம். ஏறக்குறைய 20 வருடத்துக்கு ஒரு தடவை இப்படிச் சுற்றி வரும். கடைசியாக 2019 ஏப்ரலில் வந்தது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில அதற்குப் பிறகு பல வருடம் முந்தைய தேதியைக் காட்டின. அடுத்தது 2038 நவம்பர்.

ரேடியோப்பித்தன் எழுதியது:

சாலையோரம் சொன்னதோடு சேர்த்து ஒரு பழைய கதை. 2009 அக்டோபரில் கூகுள் தன் போன் வழிகாட்டியை இலவசமாக அறிவித்த அன்றே கருவி செய்யும் கார்மின், டாம்டாம் இரண்டு நிறுவனங்களின் பங்குகளும் சரிந்தன. அதுவரை வரைபடத்தைப் புதுப்பிக்கவே தனியாகக் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். போட்டி வந்த பிறகு "வாழ்நாள் இலவசம்" கருவிக்குக் கருவி பரவியது.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

பைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இழைக்குக் கொஞ்சம் வெளியே போனாலும் பரவாயில்லை.

போனை பைக் ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்டாதீர்கள். பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு கேமராவில் படம் ஆடாமல் பிடிக்கும் அமைப்பையும் தானியங்கி ஃபோகஸையும் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிளே அறிவித்தது. மொபெட், ஸ்கூட்டரில்கூட அதிர்வைத் தாங்கும் மவுண்ட் போடச் சொல்கிறார்கள். மழையில் திரைமேல் விழும் துளியை விரல் என்று நினைத்து மேப் தானாக நகரும். கையுறை போட்டால் தொடுதிரை கேட்காது. இந்த மூன்றுக்காகவே பைக்குக்கென்று செய்த கருவி வாங்கினேன். தண்ணீர் புகாது, கையுறையோடு தொடலாம், பைக் பேட்டரியிலிருந்தே மின்சாரம். காரில் போகும்போது நானும் போன்தான்.

கியர்பாக்ஸ் எழுதியது:

சரி, ஒற்றை வரியில் சொன்னேன் என்று எல்லோரும் திட்டுவதால் காரணத்தைச் சொல்கிறேன்.

இன்றைக்கு யாராவது உங்களைத் தங்கள் இடத்துக்கு வரச் சொன்னால் முகவரியா சொல்கிறார்கள்? லொகேஷன் அனுப்புகிறேன் என்கிறார்கள். வாட்ஸப்பில் வரும், தொட்டால் மேப் திறக்கும், கிளம்ப வேண்டியதுதான். தனிக் கருவியில் அதை எப்படி ஏற்றுவீர்கள்? போனில் அட்சரேகை தீர்க்கரேகையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். அல்லது நிறுவனத்தின் செயலியைப் போனில் போட்டு, ப்ளூடூத்தில் இணைத்து, அங்கிருந்து தள்ள வேண்டும். எப்படியும் போன் வேண்டும் என்றால் போனிலேயே பார்த்துவிட்டுப் போகிறேன்!

அடுத்து ஊர்ப் பெயர். கருவியில் ஒரு எழுத்து மாறினால் அப்படி ஒரு ஊரே இல்லை என்று சாதிக்கும். போனில் அரைகுறையாகத் தட்டினாலும், வாயால் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுகிறது. கருவியிலும் குரல் உண்டு என்பீர்கள். உண்டு. அதோடு ஒருமுறை பேசிப் பாருங்கள்.

நெரிசல் விஷயத்தில் போட்டியே இல்லை. உங்களுக்கு முன்னால் அதே சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஆயிரம் போன்களின் வேகத்தைப் பார்த்துத்தான் சிவப்புக் கோடு போடுகிறார்கள். வேஸ் என்ற செயலியில் ஓட்டுநர்களே விபத்து, பள்ளம் எல்லாம் குறித்துவிடுகிறார்கள். தனிக் கருவிக்கும் நெரிசல் தகவல் வரும், பண்பலை வானொலி வழியாகவோ உங்கள் போனின் டேட்டாவை வாங்கியோ. மறுபடியும் போன்.

மீன்விழி எழுதியது:

> நெரிசல் விஷயத்தில் போட்டியே இல்லை

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டு நிமிடம் மிச்சம் என்று நம்மைச் சந்துக்குள் தள்ளிவிடும் பழக்கம் இந்தச் செயலிகளுக்கு இருக்கிறது. எதிரே ஒரு வண்டி வந்தால் கண்ணாடியை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டிய சந்து. இரவில் தெரியாத ஊரில் அது தேவையே இல்லை. தனிக் கருவிகள் கொஞ்சம் பிடிவாதமாக பெரிய சாலையிலேயே வைத்திருக்கும் என்பது என் அனுபவம். போனில் ஓட்டும்போது, சாம்பல் நிறத்தில் பக்கத்திலேயே காட்டும் மாற்று வழிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்து நிமிடம் கூடுதலானாலும் நேர்ச்சாலையைத் தேர்ந்தெடுங்கள்.

பெரியவர்_தெற்குவாசல் எழுதியது:

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேரன் போனில் மேப் போட்டுக் கொடுக்கிறான். ஓட்டும்போது அதில் ஏதோ செய்தி வந்து விழுகிறது, விரல் பட்டால் வேறு எங்கோ போய்விடுகிறது, திரும்ப மேப்புக்கு வரத் தெரியவில்லை. தனி ஜிபிஎஸ்ஸில் அந்தத் தொல்லையே இல்லை. பொத்தானை அமுக்கினால் வரைபடம். வேறு எதுவும் செய்யத் தெரியாத கருவி, அதுவே எனக்கு வசதி. எழுத்தும் பெரிது, குரலும் கணீரென்று கேட்கிறது.

தொலைதூரன் எழுதியது:

ஐயா சொன்னது மனதில் பட்டது. என் மூன்றாவது தொந்தரவும் ஏறக்குறைய அதுதான், அழைப்பு. திருப்பத்தில் திரையை மறைத்துக்கொண்டு பெயர் மின்னுகிறது.

ஒரு யோசனை வந்திருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. சிம் போடாமல், மேப் மட்டும் இறக்கி, அதையே காரில் நிரந்தரமாக வைத்துவிட்டால்? தனிக் கருவி மாதிரியே ஆகிவிடாதா?

ரேடியோப்பித்தன் எழுதியது:

ஆகிவிடும், ஆனால் சிம் இல்லாத போனுக்கு ஒரு குறை உண்டு.

சாதாரணமாகப் போன் தன் இடத்தைச் சட்டென்று பிடிப்பதற்குக் காரணம், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை இணையத்திலிருந்து முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. இணையம் இல்லையென்றால் அந்தப் பட்டியலை வானத்திலிருந்தே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஜிபிஎஸ் அதை ஒப்பிக்கும் வேகம் விநாடிக்கு 50 பிட். ஒரு செயற்கைக்கோள் தன் முழு விவரத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும், நடுவில் ஒரு பாலமோ மரமோ குறுக்கிட்டால் விட்டுப்போனதை அடுத்த சுற்றில்தான் கேட்க முடியும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையையும் வாங்கி முடிக்க பன்னிரண்டரை நிமிடம். பல நாள் அணைத்து வைத்த போனை ஓடும் காரில் எழுப்பினால் அது திணறுவது இதனால்தான். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் திறந்த இடத்தில் வைத்து, புள்ளி நிலைத்த பிறகு வண்டியை எடுங்கள். அல்லது உங்கள் முதன்மைப் போனிலிருந்து ஒரு நிமிடம் ஹாட்ஸ்பாட் கொடுங்கள், போதும். ஹாட்ஸ்பாட் இருக்கும்வரை நெரிசலும் தெரியும்.

நிழல்தேடி எழுதியது:

பழைய போனின் முதுகைத் தட்டையான மேஜைமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் பேட்டரி உப்ப ஆரம்பித்துவிட்டது, காரில் வைக்காதீர்கள். உப்பாவிட்டாலும் நிரந்தரமாகக் காரிலேயே விடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. இறங்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலையோரம் எழுதியது:

அழைப்புக்குப் பழைய போனெல்லாம் வேண்டாமே. வண்டி ஓட்டும்போது தொந்தரவு செய்யாதே என்ற வசதி ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. கார் ஓடுகிறது என்று தெரிந்ததும் தானாகவே செய்திகளை அடக்கிவிடும். வீட்டு எண்கள் மட்டும் வரும்படி வைக்கலாம்.

தொலைதூரன் எழுதியது:

வேலை விஷயமாகக் கூப்பிடுகிறார்களே, அடக்கினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

சாலையோரம் எழுதியது:

அப்படியானால் பழைய போன்தான். அழைப்பு ஒன்றில், வழி இன்னொன்றில்.

மீன்விழி எழுதியது:

இன்னும் இரண்டு விஷயம், எந்தக் கருவி வாங்கினாலும் பொருந்தும்.

மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா, கீழே சர்வீஸ் ரோட்டில் போகிறீர்களா என்பது பல நேரம் போனுக்கும் தெரியாது, தனிக் கருவிக்கும் தெரியாது. உயரக் கணக்கில் பிழை எப்போதும் அதிகம். கீழே போய்க்கொண்டிருக்கும்போது "நேராகச் செல்லவும்" என்று சொல்லிவிட்டு, வலப்பக்கம் திரும்ப வேண்டிய சிக்னலைக் கோட்டை விடும். அங்கே பலகையைப் பாருங்கள், திரையைப் பார்க்காதீர்கள்.

சுரங்கப்பாதையிலும் அப்படித்தான். உள்ளே செயற்கைக்கோள் சிக்னல் கிடையாது. நுழைந்தபோது இருந்த வேகத்தை வைத்துப் போன் உத்தேசமாகப் புள்ளியை நகர்த்தும். சில சுரங்கங்களில் ப்ளூடூத் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள், அங்கே வேஸும் கூகுள் மேப்ஸும் தடுமாறாது. காரோடு பொருத்தி வரும் ஜிபிஎஸ் இந்த இடத்தில் போன், தனிக் கருவி இரண்டையும் தோற்கடிக்கும், சக்கரம் எவ்வளவு சுற்றியது என்பதே அதற்குத் தெரியும்.

ரேடியோப்பித்தன் எழுதியது:

புள்ளி காரணமில்லாமல் குதித்தால் போனைத் திட்டுவதற்கு முன் டேஷ்கேமின் (சாலையைப் படம்பிடிக்கும் கார் கேமரா) கேபிளை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். மட்டமான டேஷ்கேம், மட்டமான யூஎஸ்பி சார்ஜர் இரண்டும் ஜிபிஎஸ் அலைவரிசைக்குப் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். வானத்திலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு பலவீனமானது. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு போட்ட முன்கண்ணாடியும் சிக்னலை மறைக்கும். அந்த மாதிரிக் கண்ணாடிகளில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாத ஒரு திட்டு விட்டிருப்பார்கள்.

தொலைதூரன் எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தனிக் கருவி இப்போதைக்கு வேண்டாம். பழைய போனில் சிம் இல்லாமல் ஆர்கானிக் மேப்ஸ், கூடவே கூகுள் ஆஃப்லைன் கட்டங்கள். போகும் பாதை முழுக்க நேற்று இரவே இறக்கிவிட்டேன். மேஜைமேல் வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. வென்ட் ஹோல்டர் வாங்க வேண்டும். அப்பாவுக்கு மட்டும் பெரியவர் ஐயா சொன்ன மாதிரி தனிக் கருவி ஒன்று பார்க்கிறேன், அவருக்கும் அதே தொல்லைதான்.

சரக்குவண்டி எழுதியது:

நல்லது. கேரியரில் எதையாவது கட்டினால் தரையிலிருந்து உச்சிவரை அளந்து, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். போன் கேட்காது.

மீன்விழி எழுதியது:

கிளம்புவதற்கு முதல் நாள் பழைய போனின் வைஃபையையும் அணைத்துவிட்டு, பக்கத்துத் தெருவரை ஓட்டிப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிடுங்கள். புது வழி உடனே வந்தால் எல்லாம் சரியாக இறங்கியிருக்கிறது. வரவில்லை என்றால் கட்டங்களுக்கு நடுவே எங்கோ இடைவெளி இருக்கிறது.

தொலைதூரன் எழுதியது:

செய்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று: என் காரில் வென்ட் வட்டமாக இருக்கிறது, கிளிப் வைத்த ஹோல்டர் வழுக்கிவிடுமாம். என்ன செய்வது?

கியர்பாக்ஸ் எழுதியது:

கொக்கி வைத்து உள்பக்கத் தகட்டில் மாட்டி, திருகி இறுக்கும் வகை கிடைக்கிறது. அதுதான் வட்ட வென்டில் நிற்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் அந்த ஒரு வென்டை மட்டும் மூடிவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே போனைச் சுட்டுவிடுவீர்கள்.